ஒரு மில்லிகிராம் எவ்வளவு தள்ளும்?

கையில் ஒரு கொசு வந்து உட்காருகிறது. அதன் நிறை ஏறக்குறைய 2 மில்லிகிராம். அது தோலை அழுத்தும் விசை சுமார் 2 டைன், அதாவது 20 மைக்ரோநியூட்டன். இந்தக் கொசுவை நினைவில் வைத்துக்கொண்டால் சிறிய விசை அலகுகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு டைன் என்பது கிட்டத்தட்ட ஒரு மில்லிகிராம் பொருளின் எடை. துல்லியமாகச் சொன்னால் 1.0197 மில்லிகிராம்.

பள்ளியில் படித்தது வேறு வழியில் வரும்: ஒரு கிராம் நிறைக்கு நொடிக்கு நொடி ஒரு சென்டிமீட்டர் வேகத்தைக் கூட்டும் விசை ஒரு டைன். ஒரு கிலோகிராமுக்கு நொடிக்கு நொடி ஒரு மீட்டர் கூட்டினால் ஒரு நியூட்டன். கிலோ 1000 கிராம், மீட்டர் 100 சென்டிமீட்டர். ஆகவே 1 நியூட்டன் = 1,00,000 டைன். 1 டைன் = 10 மைக்ரோநியூட்டன். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மறந்தாலும் ஆயிரத்தையும் நூறையும் பெருக்கி மீட்டுக்கொள்ளலாம்.

மனதில் தங்க வேண்டியது கீழே உள்ள ஏணி. எல்லாப் படியிலும் அதே 102 தான், முன்னொட்டு மட்டும் மாறுகிறது:

1 நியூட்டன்: 102 கிராம் பொருளின் எடை
1 மில்லிநியூட்டன்: 102 மில்லிகிராம்
1 மைக்ரோநியூட்டன்: 102 மைக்ரோகிராம்
1 நானோநியூட்டன்: 102 நானோகிராம்
1 பிகோநியூட்டன்: 102 பிகோகிராம்

அவசரக் கணக்குக்கு 102 என்பதை 100 ஆக்கிக்கொள்ளுங்கள், பிழை 2 சதவீதம்தான். குளுக்கோஸ் ஏற்றும் சாதாரணக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு சொட்டு 50 மில்லிகிராம், எனவே அரை மில்லிநியூட்டன், எனவே 50 டைனுக்குச் சற்றுக் குறைவு. காகிதம் இல்லாமலே வந்துவிட்டது.

இதுவரை எளிது. விசை அலகுகளில் ஆட்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. ஒன்று, பத்தின் அடுக்கில் வரும் பிழை. ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று பெரிதாக இருப்பதால் கொஞ்சம் யோசித்தாலே கண்ணில் படும். இன்னொன்று 9.8 என்ற எண்ணில், அதாவது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில், வரும் பிழை. அது கால் சதவீதம், 2 சதவீதம் என்று பம்மிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பின்னதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கிராம், ஒரு கிலோ பொருளின் எடையையே அலகாக வைத்த கிராம் விசை, கிலோகிராம் விசை என்பவை நியூட்டனோடு 9.80665 என்ற எண்ணால் கட்டப்பட்டவை. இது 1901இல் எடை அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாட்டில் முடிவான எண். அளந்து கண்டுபிடித்ததல்ல, இப்படி வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டது. அதனால் அது சென்னையிலும் 9.80665, நிலாவிலும் 9.80665. ஒரு விவரத்தாளில் '2 கிலோகிராம் விசை' என்று இருந்தால் அது 19.6133 நியூட்டன், எங்கே உட்கார்ந்து படித்தாலும்.

ஆனால் தராசில் 2 கிலோ படிக்கல்லை வைத்தால் அது தட்டை அழுத்தும் விசை 19.6133 நியூட்டன் அல்ல. அங்கே அந்த ஊரின் ஈர்ப்பு முடுக்கம் வேண்டும். சென்னையில் சுமார் 9.783, யாழ்ப்பாணத்தில் 9.782, லண்டனில் 9.81. சென்னையின் எண் ஒப்புக்கொண்ட எண்ணைவிட 0.24 சதவீதம் குறைவு. ஊட்டிக்கு ஏறினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

எனவே விதி இரண்டு. அலகிலிருந்து அலகுக்கு மாற்றினால் 9.80665. தராசு காட்டும் கிராமை விசையாக மாற்றினால் உங்கள் ஊர் எண். இணையத்தில் கிடைக்கும் மாற்றிப் பக்கங்கள் எல்லாம் முதல் வேலையை மட்டுமே செய்கின்றன. தராசு அளவை அதில் போட்டு வரும் விடையை ஆறு தசமத்தோடு எழுதி வைத்தால், மூன்றாவது இலக்கமே தவறாக இருக்கும்.

ஓர் உதாரணம். கணினி விசைப்பலகையில் செர்ரி எம்எக்ஸ் ரெட் வகைப் பொத்தானின் இயக்க விசை 45 சென்டிநியூட்டன் என்று போட்டிருக்கும். கடைக்காரர்கள் இதை '45 கிராம்' என்பார்கள். 45 சென்டிநியூட்டன் என்பது 450 மில்லிநியூட்டன். 9.80665ஆல் வகுத்தால் 45.9 கிராம் விசை. சென்னையில் சரிபார்த்த தராசின் மேல் அந்தப் பொத்தானை வைத்து அழுத்தினால் 450 ÷ 9.783, அதாவது 46.0 கிராம் காட்டும். பொத்தானில் குறையில்லை, தராசிலும் குறையில்லை. '45' என்ற எண்ணோடு ஒட்டியிருந்த அலகைத்தான் யாரோ வழியில் மாற்றிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் சரிபார்த்து மூடிய பெட்டியோடு வந்த தராசு இன்னொரு வகை. அதை இங்கே மறுபடி சரிபார்க்காமல் பயன்படுத்தினால் 100 கிராம் படிக்கல்லுக்கு 99.72 கிராம் காட்டும். உள்ளே படிக்கல் வைத்த விலையுயர்ந்த தராசுகள் பொத்தானை அழுத்தினால் தாமே சரிசெய்துகொள்ளும். மற்றவற்றுக்கு வெளிப் படிக்கல் வேண்டும். எம்1 தரத்து 100 கிராம் படிக்கல்லில் அனுமதிக்கப்பட்ட பிழை 5 மில்லிகிராம், 0.01 கிராம் தராசுக்கு அது போதும். ரூபாய் நாணயத்தைப் படிக்கல்லாக வைக்காதீர்கள். தேய்ந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கும்.

நகைக்கடைப் பாணியில் 200 கிராம் வரை, 0.01 கிராம் படிகளில் காட்டும் பாக்கெட் தராசு மலிவாகக் கிடைக்கிறது. என் கணக்கில் சிறு விசை அளக்க அதைவிட நல்ல தொடக்கக் கருவி இல்லை. அதன் ஒரு படி 98 மைக்ரோநியூட்டன், கிட்டத்தட்ட 10 டைன். ஆய்வகத்தின் 0.1 மில்லிகிராம் தராசில் ஒரு படி 1 மைக்ரோநியூட்டன். மைக்ரோகிராம் தராசில் ஒரு படி 10 நானோநியூட்டன்.

அளக்கும் முறை: தராசைப் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். சமதளத்தில் வைத்து, படிக்கல்லால் சரிபாருங்கள். அளக்க வேண்டிய பொருளைத் தட்டில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். அழுத்தும் முனை தராசைத் தொடாமல், மேசையில் நிற்கும் தனி ஸ்டாண்டிலிருந்து வர வேண்டும். அதைத் திருகாணியால் மெல்ல இறக்குங்கள். கையால் அழுத்தினால் கையின் நடுக்கம்தான் பதிவாகும். இழுக்கும் விசை என்றால் தட்டில் கனமான இரும்பல்லாத கட்டியை வைத்து, பூச்சியமாக்கி, அதில் கட்டிய நூலை மேலே இழுங்கள். தராசு குறை எண் காட்டும், அதுவே விடை.

இதில் பலரை ஏமாற்றுவது தராசின் 'பூச்சியம் பின்தொடரும்' குணம். மலிவுத் தராசுகள் பூச்சியத்துக்கு அருகே மெதுவாக வரும் மாற்றத்தைத் தூசி, வெப்பநிலை என்று நினைத்துத் தாமே விழுங்கிவிடும். திருகாணியை மிக மெதுவாகத் திருப்பினால் 0.00 என்றே நிற்கும், விசை ஏறிக்கொண்டிருக்கும். மருந்து எளிது. பூச்சியத்தில் தொடங்காதீர்கள். தட்டில் கூடுதலாக 20 கிராம் வைத்து, அதைப் பூச்சியமாக்காமல் 20.00 என்றே விட்டு, அங்கிருந்து வித்தியாசத்தை எடுங்கள்.

மற்றவை சொல்லாமலே தெரிய வேண்டியவை, ஆனாலும் யாரும் செய்வதில்லை: மின்விசிறியை நிறுத்துவது, சூடான பொருளை ஆறவைப்பது, காந்தம் உள்ள பொருளென்றால் தட்டுக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர் தெர்மாகோல் கொடுத்துத் தூக்கி வைப்பது, தெர்மாகோலிலும் பிளாஸ்டிக்கிலும் நிலைமின்னூட்டம் ஏறும் என்பதால் அதை ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பது.

இன்னும் நுணுக்கம் வேண்டுவோர்க்கு: படிக்கல்லைக் காற்று கொஞ்சம் மிதக்கவைக்கிறது. துருப்பிடிக்காத எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 8000 கிலோகிராம், காற்றின் அடர்த்தி 1.2. எனவே படிக்கல் தட்டை அழுத்தும் விசை 0.015 சதவீதம் குறைவு. தராசு அந்தக் குறைவையும் சேர்த்தே '100 கிராம்' என்று கற்றுக்கொள்கிறது. திருகாணி அழுத்தும் விசைக்குக் காற்று மிதப்பு கிடையாது. எனவே தராசு எண்ணை ஊர் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து 0.015 சதவீதம் கழிக்க வேண்டும். 0.01 கிராம் தராசில் 100 கிராமுக்கு ஒன்றரைப் படி. பெரும்பாலும் விட்டுவிடலாம்.

மில்லிகிராமுக்குக் கீழே படிக்கல் வேண்டுமென்றால் சமையலறை அலுமினியத் தாள் உதவும். 11 மைக்ரான் தடிமன் என்று பெட்டியில் போட்டிருக்கும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். கணக்கின்படி ஒரு சதுர சென்டிமீட்டர் 2.97 மில்லிகிராம். பெட்டியை நம்பாமல் 20க்கு 30 சென்டிமீட்டர் துண்டை அளவாக வெட்டி நிறுத்துப் பாருங்கள், 1.78 கிராமை ஒட்டி வர வேண்டும். வந்த எண்ணை 600ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டரின் நிறை கிடைக்கும். கூரிய பிளேடால் ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டினால் சுமார் 30 மைக்ரோகிராம், 0.29 மைக்ரோநியூட்டன். 80 கிராம் ஏ4 தாளிலும் இதைச் செய்யலாம், முழுத் தாள் 5 கிராம், சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிகிராம். ஆனால் காகிதம் ஈரத்தைக் குடிக்கும். மழைநாளில் கூடும், ஏசி அறையில் குறையும். அலுமினியம் அப்படி ஆடாது.

டைன் என்ற சொல் இன்று உயிரோடு இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் அச்சுத் தொழிலில். பாலித்தீன் சுருளில் மை ஒட்டுமா என்று பார்க்க 'டைன் பேனா'வால் கோடு போடுவார்கள். 38 டைன் இருக்கிறதா என்று கேட்பார்கள். கோடு இரண்டு நொடி உடையாமல் நின்றால் இருக்கிறது. முத்து முத்தாகச் சுருங்கினால் இல்லை, கொரோனா சிகிச்சை, அதாவது மை ஒட்டுவதற்காகப் பரப்பில் மின்பொறி பாய்ச்சும் வேலை, பத்தவில்லை. இங்கே டைன் என்பது விசையல்ல, சென்டிமீட்டருக்கு டைன். 'சென்டிமீட்டருக்கு' என்பது பேச்சில் உதிர்ந்துவிட்டது. புதிய விவரத்தாள்களில் இதையே மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்று எழுதுவார்கள். எண் மாறாது: 10 மைக்ரோநியூட்டனை 0.01 மீட்டரால் வகுத்தால் 1000 மைக்ரோநியூட்டன், அதாவது மீட்டருக்கு 1 மில்லிநியூட்டன். 38 என்றால் 38. நீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரியில் 72.8, இரண்டு அலகிலும் அதுவே. இப்படி எண் மாறாமல் மாறும் அலகு அபூர்வம். அதனாலேயே, '1 டைன் = 1 மில்லிநியூட்டன்' என்று தவறாகப் பதிந்துகொண்டவர்களும் உண்டு. தனி விசையாக எடுத்தால் அது நூறு மடங்குப் பிழை.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழையும் ஒரு விசைக் கருவிதான். '10 கிராம் மோனோபிலமென்ட்' என்பார்கள். இழையை நேராக ஊன்றி அழுத்தினால் வில்போல் வளையும். வளையத் தொடங்கியபின் எவ்வளவு தள்ளினாலும் விசை ஏறக்குறைய 10 கிராம் விசையிலேயே நிற்கும், 98 மில்லிநியூட்டன். ஊர் எண் வித்தியாசமெல்லாம் இங்கே பொருட்டில்லை. ஆனால் பிடியில் 5.07 என்று இன்னோர் எண் இருக்கும், பலர் அதை விசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மடக்கை: மில்லிகிராமில் உள்ள விசையைப் பத்தால் பெருக்கி, பத்தடிமான மடக்கை எடுத்தது. திருப்பிப் போட்டால் 5.07க்கு 11.7 கிராம் வரும், 10 வராது. 2.83க்கு 0.068 கிராம் வரும், பிடியில் 0.07. எனவே மடக்கையிலிருந்து கணக்குப் போடாமல் கிராம் எண்ணையே எடுங்கள். இழை தளர்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் மேலே சொன்ன பாக்கெட் தராசின் தட்டில் ஊன்றி வளைத்துப் பாருங்கள். 10ஐ ஒட்டி நிற்க வேண்டும். எட்டரைக்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரே நாளில் பலருக்குத் தொடர்ந்து பயன்படுத்திய இழை தற்காலிகமாகத் தளரும், ஒருநாள் ஓய்வு கொடுத்தால் மீளும்.

கோயம்புத்தூர் நூற்பாலைகளில் இதே 2 சதவீதம் பணமாகிறது. நூலின் வலிமையை ஆர்.கே.எம். என்பார்கள், டெக்ஸுக்கு (1000 மீட்டர் நூலின் நிறை, கிராமில்) இத்தனை கிராம் விசை என்று பொருள். வெளிநாட்டு வாங்குபவர் டெக்ஸுக்குச் சென்டிநியூட்டனில் கேட்பார். 16 ஆர்.கே.எம். நூல் 15.69 சென்டிநியூட்டன்தான். '16க்குக் குறையக் கூடாது' என்ற ஒப்பந்தத்தில் அது தோற்கும். 30ஆம் நம்பர் நூலை டெக்ஸாக்கினால் 590.5 ÷ 30, அதாவது 19.7 டெக்ஸ். 16 ஆர்.கே.எம். என்றால் ஒற்றை நூல் 315 கிராம் விசையில் அறும், 3.09 நியூட்டன். இழை வலிமையை டெனியருக்கு (9000 மீட்டரின் நிறை, கிராமில்) இத்தனை கிராம் விசை என்று சொன்னால் 8.826ஆல் பெருக்குங்கள், டெக்ஸுக்குச் சென்டிநியூட்டன் கிடைக்கும். கிராம் விசையை ஒழித்துவிட வேண்டும் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. நூல் பிடிக்கும் கைக்கு அது புரிகிறது. ஆனால் தாளில் 'கிராம்' என்று மட்டும் எழுதாமல் 'கிராம் விசை' என்று எழுதினால் போதும்.

பத்தின் அடுக்குப் பிழைகளில் முக்கால்வாசி கணக்கில் பிறப்பதில்லை, எழுத்துருவில் பிறக்கிறது. பழைய வேர்ட் கோப்புகளில் மைக்ரோவுக்கான கிரேக்க மியூவை 'சிம்பல்' எழுத்துருவில் எம் பொத்தானை அழுத்திக் கொண்டுவருவார்கள். அந்தக் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் மியூ சாதாரணச் சிறிய எம் ஆகிவிடும். மைக்ரோநியூட்டன் மில்லிநியூட்டன் ஆனது, ஆயிரம் மடங்கு. சிறிய எம்மைப் பெரிய எம் ஆக்கினால் மில்லி மெகா ஆகும், அது நூறு கோடி மடங்கு. இதிலாவது யாரும் ஏமாற மாட்டார்கள். நுட்பமானது புள்ளியும் சாய்கோடும்: மில்லிநியூட்டன் பெருக்கல் மீட்டர் என்பது மோட்டாரின் டார்க் (சுழற்றும் திறன்), மில்லிநியூட்டன் வகுத்தல் மீட்டர் என்பது பரப்பு இழுவிசை. டார்க்கில் 1 கிராம் விசை சென்டிமீட்டர் = 98.07 மைக்ரோநியூட்டன் மீட்டர். 1.8 கிலோ சென்டிமீட்டர் சர்வோ மோட்டார் என்றால் 0.177 நியூட்டன் மீட்டர்.

தராசு கைவிடும் இடத்தில் வில் தொடங்குகிறது. அணு விசை நுண்ணோக்கியில் மெல்லிய கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்த பட்டை, அதுவே இங்கே வில்) எத்தனை நானோமீட்டர் வளைந்தது என்று பார்த்து, வில் மாறிலியால், அதாவது இத்தனை நீளம் வளைக்க இத்தனை விசை என்ற எண்ணால், பெருக்குவார்கள். அலகு மாற்றம் இங்கே அழகாக அமைகிறது: மீட்டருக்கு நியூட்டன் என்பதும் நானோமீட்டருக்கு நானோநியூட்டன் என்பதும் ஒரே எண். 0.1 மாறிலி உள்ள வில் 10 நானோமீட்டர் வளைந்தால் 1 நானோநியூட்டன். ஆனால் உறையில் அச்சிட்ட மாறிலி தோராயமானது. பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தால்கூட வியப்பில்லை. ஒவ்வொரு வில்லையும் அதன் வெப்ப நடுக்கத்தை வைத்துத் தனித்தனியே அளக்காமல் மூன்று இலக்கம் எழுதுவதில் பொருளில்லை. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 4.1 பிகோநியூட்டன் நானோமீட்டர். 0.1 வில் சும்மா நின்றாலே 20 பிகோநியூட்டன் அளவுக்கு நடுங்கும்.

அந்த நடுக்கத்துக்கும் கீழே அளக்க, லேசர் ஒளியால் நுண்துகளைப் பிடிக்கும் ஒளியியல் இடுக்கி வேண்டும். அதற்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் சுமை இழுக்கும் கைனசின் என்ற புரதம் ஓரடிக்கு 8 நானோமீட்டர் நடக்கும், 6 பிகோநியூட்டன் அளவில் எதிர்த்து இழுத்தால் நின்றுவிடும். 6 பிகோநியூட்டன் எவ்வளவு என்று கேட்டால் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்கள். எம்.சி.வி. என்ற வரியில் 90 ஃபெம்டோலிட்டர் போல இருக்கும். அது ஒரு சிவப்பணுவின் பருமன். அடர்த்தி 1.1 என்றால் நிறை 99 பிகோகிராம், எடை 0.97 பிகோநியூட்டன். கைனசினை நிறுத்த ஆறு சிவப்பணுக்களைக் காற்றில் தொங்கவிட்டால் போதும். ரத்தத்துக்குள் என்றால் மிதப்பு பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஏறக்குறைய 90 அணுக்கள் வேண்டியிருக்கும்.